மருந்துக் கை

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காற்று இரைகிறது, குரலை உயர்த்தினால் கதை சிதறிப் போகும். கடைக்குப் போய்ச் சேலை எடுத்த ஒருத்தியின் கதை சொல்கிறேன். இதில் ராஜாவும் இல்லை, பூதமும் இல்லை. ஒரு சேலை, ஒரு லேபிள், ஒரு தீப்பெட்டி, அவ்வளவுதான். ஆனால் கேட்டு முடிக்கும்போது உங்கள் முந்தியை ஒருதரம் தொட்டுப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டீர்கள்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஊர். அங்கே வேலுத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. புருசன் சின்னச்சாமி லாரியில் லோடு ஏற்றுகிறவர். மகள் இசைவாணி சிவகாசியில் ஓர் அச்சாபீசில் லேபிள்களை எண்ணிக் கட்டுப் போடுகிறாள்.

வேலுத்தாயை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது என்று அந்த வட்டாரத்தில் பேர். வெண்டைக்காய் நுனி ஒடிபட்டால்தான் பைக்குள் போகும். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பாள், சுண்டிப் பார்ப்பாள். துவரம்பருப்பில் ஒன்றை வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் விலையே கேட்பாள். பாக்கெட் சாமான்கள் வந்ததும் அதையும் விடவில்லை. தேதி எங்கே போட்டிருக்கும், விலை எங்கே போட்டிருக்கும் என்று மகளிடம் கேட்டுப் படித்துக்கொண்டாள். தேதி தாண்டிய பிஸ்கட்டைக் கடைக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, உங்கள் பேரனுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டவள் அவள்.

ஒருதரம் கம்பெனி வேனைச் சாத்தூர் பக்கம் நிறுத்தி எல்லோரும் வெள்ளரிக்காய் வாங்கினார்கள். விற்கிறவர் கூடையின் மேல்பக்கம் பிஞ்சாகவும் அடியில் முற்றலாகவும் அடுக்கியிருந்தார். வேலுத்தாய் கூடைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டுக் கேட்டாள்:

"மேல உள்ளது பாக்குறதுக்கு, கீழ உள்ளது திங்குறதுக்கா, அண்ணாச்சி?"

வேன் மொத்தமும் சிரித்தது. அன்றிலிருந்து எது வாங்குவதென்றாலும் வேன் பெண்கள் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் அவளில்லாமல் ஒரு சீப்புகூட வாங்க மாட்டாள். பஞ்சம்மாள் புருசன் இல்லாதவள். மருந்து அறையில் வேலுத்தாய்க்குப் பக்கத்து இடம் அவளுக்கு. அவளுடைய மகள் அப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

மருந்து அறை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது என்று நினைப்பார்கள். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிக்கிற பொடி. அந்த அறைக்குள் போகிறவர்கள் பருத்திதான் உடுத்த வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் உடம்போடு உரச உரச, கண்ணுக்குத் தெரியாத பொறி கிளம்பும். மருந்துக்கு அந்தப் பொறி போதும். அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். கோயில் படியைத் தொடுகிற மாதிரி அதைத் தொட்டுவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே போவார்கள். உடம்பில் ஏறிய மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்கு இறங்கிவிடும்.

பல வருசத்துக்கு முன்னால் அதே வேலையில் யோகேஸ்வரி என்று ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் அவள் சேலையில் தீப்பிடித்தது. பருத்தியாக இருந்திருந்தால் சாம்பலாக உதிர்ந்திருக்கும். அது உருகிவிட்டது. உருகி மேலோடு ஒட்டிக்கொண்டது. எது சேலை, எது தோல் என்று ஆஸ்பத்திரியில் பிரிக்க முடியவில்லை. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் இப்போதுதான் சாப்பிட்டிருப்பீர்கள்.

அவளைத் தூக்கி வேனில் ஏற்றிய கைகளில் வேலுத்தாயின் கையும் ஒன்று. அன்றைக்குப் பிறகு அவள் தீக்குச்சி உரசியதில்லை. "மருந்துக் கை தீக்குச்சி தொடாது" என்று கம்பெனிப் பெண்களிடம் ஒரு சொல் உண்டு. சிலர் வாயளவில் சொல்வார்கள். பல பேர் அப்படியே நடப்பார்கள். வேலுத்தாய் வீட்டில் அடுப்பைச் சின்னச்சாமிதான் பற்றவைக்க வேண்டும், சாமி விளக்கை இசைவாணி ஏற்ற வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற சீமையில் குச்சி உரசத் தெரியாத ஒரே பொம்பளை தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று சின்னச்சாமி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஆடி பிறந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்து சீசன் சூடு பிடித்தது. போர்மேன் கருப்பணன் பெண்களை மரத்தடியில் கூட்டி வைத்து, திங்கட்கிழமையிலிருந்து வாசலில் சேலையைத் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன், பருத்தி இல்லையென்றால் வீட்டுக்குத்தான் என்றார். கல்யாணத்திலும் சடங்கிலும் வந்த சேலைகள் எல்லார் வீட்டுப் பெட்டியிலும் நிறையக் கிடந்தன. எல்லாம் மினுக்குச் சேலைகள். பருத்தியைத் தேடினால் இல்லை. வேலுத்தாயிடம் நைந்துபோன பழைய பருத்திச் சேலை ஒன்று மிச்சமிருந்தது. பஞ்சம்மாள் தன்னுடையதை மகளின் பிரசவத்துக்கென்று கிழித்து மடித்து வைத்துவிட்டாள்.

இரண்டு பேரும் சிவகாசிக்குப் போனார்கள். ஆடித் தள்ளுபடி. கடைவீதியில் காளிராஜ் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. அன்பான மனிதர். வந்தவர்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுப்பார். போன தடவை சொன்ன பிள்ளையின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரிப்பார். அவர் எடுத்துப் போட்ட சேலையை வேலுத்தாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தாள். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தது. ஆனாலும் நூல் எங்கேயோ வழவழப்பதாக அவளுக்குப் பட்டது. மடிப்பைப் புரட்டினாள்.

அங்கே அந்த லேபிள் இருந்தது. பஞ்சுக்காய் வெடித்துச் சிரிக்கிற படம். கீழே, நூறு சதம் தூய பருத்தி என்ற எழுத்து.

கண்ணுகளா, வெளியூர்ச் சந்தையில் திடீரென்று நம் சொந்தக்காரரைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு. அந்தப் பஞ்சுக்காய் அவள் வீட்டு அடுக்களையில் தினமும் பார்க்கிற படம். மை பிசகிக் கழித்துப்போட்ட தாள்களை இசைவாணி அச்சாபீசிலிருந்து கொண்டுவந்து மசாலா டப்பாத் தட்டு முழுக்க விரித்து வைத்திருந்தாள்.

"எம்மக கை பட்ட லேபிளு, அண்ணாச்சி," என்றாள்.

பஞ்சம்மாளும் குனிந்து பார்த்து, நம்ம இசைவாணி போட்டதா என்று பூரித்துப் போனாள். அண்ணாச்சி சிரித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

"லேபிள நம்பாதீகக்கா. ஒரு நூல உருவி உங்க கையாலயே கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா சாம்பலாகும். கலப்புன்னா உருகி உருண்டையாப் போகும்."

வேலுத்தாய் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பஞ்சம்மாளின் கை முந்திக்குள் போய் ஒளிந்துகொண்டது. எங்கள் கை அதைத் தொடாது அண்ணாச்சி என்று வேலுத்தாய் சொல்ல, அவர் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் பெட்டியைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார். தீப்பெட்டியை நீட்டிச் சோதிக்கச் சொல்கிறவர் பொய்ச் சரக்கு விற்பாரா? அவளுடைய மனசில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. ஆளுக்கு ஒரு சேலை. மறக்காமல் பில்லும் கேட்டு வாங்கினாள். கெட்டிக்காரி அல்லவா?

திங்கட்கிழமை வாசலில் கருப்பணன் முந்தியைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடப்பு. வேலுத்தாய் முடிந்து வைத்திருந்த லேபிளையும் காட்டினாள். அவர் தலையாட்டி உள்ளே விட்டார். வேனில் திரும்பும்போது பஞ்சம்மாள் எல்லோரிடமும் சேலையைக் காட்டிப் பெருமை பேசினாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மற்றவர்களும் அதே கடைக்குப் போவதாகப் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் ரேசன் கடையில் கைரேகை வைக்க வேண்டியிருந்ததால் வேலுத்தாய் வேலைக்குப் போகவில்லை. பஞ்சம்மாள் முதல்நாள் சாயங்காலமே சேலையை அலசிப் போட்டு, அதையே கட்டிக்கொண்டு வேனில் போய்விட்டாள். நேற்றுப் பார்த்த சேலைதானே என்று கருப்பணனும் மறுபடி தொட்டுப் பார்க்காமல் உள்ளே விட்டார். சின்னச்சாமியும் இசைவாணியும் புறப்பட்ட பிறகு வேலுத்தாய் துணி துவைக்க உட்கார்ந்தாள். புதுச் சேலையை நனைத்ததும் கஞ்சி வெள்ளையாகக் கரைந்து ஓடியது. கஞ்சி போனதும் சேலை கைக்குள் விரால்மீன் மாதிரி வழுக்கியது. அவளுக்கு என்னவோ போல இருந்தது. அதைக் கொடியில் போட்டாள். பக்கத்தில் பழைய பருத்திச் சேலையையும் அலசிப் போட்டாள்.

வீட்டைக் கூட்டி முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பழைய சேலை கனத்துத் தொங்கி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. புதுச் சேலை காய்ந்து படபடவென்று பறந்தது.

ஒரே காற்று, ஒரே வெயில். அது எப்படி இதற்குள் காயும்? கொடியிலிருந்து உருவினாள். உருவும்போது சடசடவென்று சின்னதாக ஒரு சத்தம். முழங்கை மயிர் சிலிர்த்து எழுந்து சேலையோடு ஒட்டியது.

மருந்து அறையில் இத்தனை வருசம் உட்கார்ந்தவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனசு நம்ப மறுத்தது. மகள் கை பட்ட லேபிள். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை, காலையில் சின்னச்சாமி பற்றவைத்த அடுப்பும் அணைந்துவிட்டது.

சாமி படத்துக்குக் கீழே இருந்த தீப்பெட்டியை எடுத்தாள். ஒரு குச்சி ஒடிந்தது. ஒன்று காற்றில் அணைந்தது. சுவர் மூலையில் குத்தவைத்து, முதுகால் காற்றை மறைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி இன்னொன்றை உரசினாள். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளி மாதிரி ஒட்டியிருக்கும் மருந்துப்பொடி அந்த வெளிச்சத்தில் மினுங்கியது. உருவி வைத்திருந்த நூலில் தீயைக் காட்டினாள். நூல் எரியவில்லை. புழு மாதிரிச் சுருண்டது, உருகியது, கறுப்பு உருண்டையாக விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அவள் கையை உதறினாள். அது போகவில்லை. யோகேஸ்வரியின் முகம் வந்தது.

பஞ்சம்மாள் இந்நேரம் இடத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருப்பாள்.

கருப்பணனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் யாருமே போன் கொண்டுபோகக் கூடாது. அவருடையதும் வாசல் பெட்டியில்தான் கிடக்கும். ஆபீசுக்குப் போட்டாள். அதுவும் அடித்து ஓய்ந்தது. போக வேண்டியதுதான். ஆனால் கம்பெனி வாசலுக்குப் பருத்தி இல்லாமல் எப்படிப் போவது? கொடியில் சொட்டிக்கொண்டிருந்த பழைய சேலையை அப்படியே எடுத்து ஈரத்தோடு சுற்றிக்கொண்டாள். உருகிய நூலை ஒரு தாளில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

மினிபஸ் தன் நேரத்துக்குத்தான் வந்தது. வந்தும் ஊர் ஊராக நின்றது. யாரோ ஒருவர் உரமூட்டையை ஏற்றி, சில்லறைக்கு வாதாடி, மெதுவாக இறங்கினார். வேலுத்தாய் யாரிடம் என்ன சொல்வாள்? ஜன்னல் வழியாகக் கம்பெனி இருக்கிற திசையில் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். புகை இல்லை. இன்னும் இல்லை. சத்தம் ஏதும் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, வரக் கூடாதே என்று மாரியம்மாளை வேண்டிக்கொண்டு வந்தாள். இறங்கி, கருவேலங்காட்டுப் பாதையில் ஓடினாள்.

ஈரச் சேலையோடு ஒரு பொம்பளை ஓடி வருவதைப் பார்த்தால் நம் பக்கத்தில் எல்லோரும் என்ன நினைப்பார்கள்? சாவு விழுந்த வீட்டிலிருந்து வருகிறாள் என்றுதானே? வாட்ச்மேன் செல்லப்பாண்டி எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன மயினி, ஈரத்தோட... யாரு?"

"யாருமில்ல தம்பி. யாரும் போறதுக்கு முன்ன பஞ்சம்மாள வெளிய கூப்பிடு."

கருப்பணன் வந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் அவர் ஓடவில்லை. மருந்து அறைப் பக்கம் யாரும் ஓடக் கூடாது. நடந்து போய், எல்லோரையும் கைவேலையை நிறுத்தச் சொல்லி, தகட்டைத் தொட்டுவிட்டு ஒவ்வொருவராக வரச் சொன்னார். பஞ்சம்மாள் வந்தாள். அறையிலிருந்து வாசல் வரை வெறும் மணல் பாதை. காற்று அவள் சேலையைக் காலோடு சுற்றி அடித்தது. ஒவ்வொரு எட்டுக்கும் துணியோடு துணி உரசியது. இரண்டு பக்கமும் மருந்து அறைகள். வேலுத்தாய் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சம்மாள் என்னவென்று தெரியாமல் முழித்துக்கொண்டே நடந்து வாசலைத் தாண்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை, கண்ணுகளா. பயப்படாதீர்கள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கருப்பணன் கேட்டார். வேலுத்தாய் இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். தாளோடு சேர்ந்து இன்னொன்றும் வந்து மணலில் விழுந்தது.

தீப்பெட்டி.

உரசிய பிறகு அதை எங்கே வைப்பது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. பழகிய கையாக இருந்தால் தானாகவே எடுத்த இடத்தில் வைத்திருக்கும். பழக்கமில்லாத கை அதையும் நூலோடு சேர்த்து இடுப்பில் செருகிவிட்டது. செல்லப்பாண்டி பின்னால் நகர்ந்தார்.  

கருப்பணன் குனிந்து அந்தப் பெட்டியை எடுத்தார்.

"நீ நல்லதுக்குத்தான் வந்திருக்க, வேலுத்தாயி. எனக்குத் தெரியும். ஆனா இந்த வாசல்ல தீப்பெட்டி கண்டா ஆளு யாருன்னு பாக்கக் கூடாது. புதுசா வாரவளுக்கெல்லாம் நீதானே இதச் சொல்லிக் குடுத்த?"

அவள் கெஞ்சவில்லை. எதைச் சொல்லிக் கெஞ்சுவாள்? அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். இந்த சீசனுக்கு அவளுக்கு வேலை இல்லை என்றார். பஞ்சம்மாளிடம், நாளைக்குப் பருத்தி கட்டிக்கொண்டு வந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும், ஆர்டர் நிற்காது என்றார்.

திரும்பி வருகையில் மினிபஸ்ஸில் பஞ்சம்மாள் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். ஊர் எல்லையில் இறங்கியதும் திரும்பி நின்று கேட்டாள்.

"வெண்டைக்காய ஒடிச்சு ஒடிச்சுப் பாப்பீகளே, மயினி. எந்தலைக்குக் கொள்ளி வைக்கிறத மட்டும் லேபிளப் பாத்தா வாங்குனீக?"

 பஞ்சம்மாள் சொன்னதில் பொய் இல்லை.

மத்தியானம் இரண்டு சேலையையும் மஞ்சப்பையில் வைத்து, பில்லை எடுத்துக்கொண்டு தனியாகச் சிவகாசிக்குப் போனாள். காளிராஜ் அண்ணாச்சி உட்கார வைத்து, கலர் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பொதி பொதியாக வடக்கேயிருந்து வருகிறது, பிரித்து விற்பதுதான் தன் வேலை என்றார். பில்லை வாங்கிப் பார்த்தார். அதில் சேலை என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பருத்தி என்ற சொல் இல்லை. அடியில், தள்ளுபடிச் சரக்கு திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருந்தது. வாங்கிய அன்றைக்கு அந்தப் பில்லை மடித்துப் பத்திரமாக வைத்தாளே தவிர, படித்துப் பார்க்கவில்லை.

"நாந்தான் தீப்பெட்டிய நீட்டுனேனேக்கா. வேண்டாம்னது நீங்க."

அந்நேரம் நாலைந்து பெண்கள் கடைக்குள் வந்தார்கள். வேறு கம்பெனி ஆட்கள். அண்ணாச்சியின் பார்வை முதலில் அவர்களுடைய விரல்களுக்குப் போனதை வேலுத்தாய் கண்டாள். நகக்கண்ணில் வெள்ளிப் பொடி. அதே சேலையை விரித்தார். அதே பஞ்சுக்காய் சிரித்தது. இழுப்பறை திறந்தது. தீப்பெட்டி நீண்டது. அத்தனை கைகளும் பின்னால் போயின.

வேலுத்தாய் எழுந்து போய் அந்தப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். உரசுகிற பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மேலட்டை மங்கி, மூலை மழுங்கிப்போன பழைய பெட்டி. எத்தனை பேருக்கு நீட்டினாரோ. ஒருத்தியும் உரசவில்லை. உரச மாட்டார்கள் என்று தெரிந்துதான் நீட்டினார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன், செல்லங்களா. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் நாம் தொடாத பொருள் ஒன்று இருக்கும். அது என்னவென்று விற்கிறவருக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைத்துவிடுவார்.

வேலுத்தாய் கடைக்கு வெளியே தெருவோரமாக இறங்கி, மஞ்சப்பைச் சேலையில் ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டினாள். இந்த முறை குச்சி ஒடியவில்லை. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். உருண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி முகம் மாறவில்லை. இது கலப்பு ரகம்தான் அக்கா, அசல் மேல் வரிசையில் இருக்கிறது என்று சொல்லி ஒன்றை எடுத்துப் போட்டு விலையைச் சொன்னார். அந்தப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அசல் அந்தக் கடைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவர்கள் கை எட்டாத வரிசையில் இருந்திருக்கிறது. ஒன்றும் எடுக்காமல் இறங்கி அடுத்த கடைக்குப் போனார்கள். அங்கேயும் பஞ்சுக்காய் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சாயங்காலம் இசைவாணி வந்ததும் லேபிளை அவள் முன்னால் வைத்தார்கள். அவள் முன்னும் பின்னும் திருப்பினாள். நெய்த ஊரும் இல்லை, விற்கிற கம்பெனியின் பேரும் இல்லை. படமும் எழுத்தும் மட்டும். கட்டுக் கட்டாகக் கட்டியவள் அதுவரை அதைக் கவனித்ததில்லை.

"எம்மா, ஆர்டர்ல என்ன எழுத்து வருதோ அத அடிக்கிறோம். துணிய நாங்க கண்ணுலகூடக் காண மாட்டோம்மா."

சொல்லிவிட்டு அழுதாள். விருதுநகரில் வாங்கியவர்களின் புகாரைக் கேட்கிற இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மனு எழுதினாள். லேபிளையும் பில்லையும் நகலெடுத்துச் சேர்த்துப் போட்டாள். தேதி வரும் என்றார்கள். வரும்தான். தீபாவளி அதற்கு முன்னால் வந்துவிடும்.

மறுநாள் காலையில் வேன் ஹாரன் தூரத்தில் கேட்டபோது, வேலுத்தாய் பழைய பருத்திச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். பஞ்சம்மாள் வாசலில் ஒரு மினுக்குச் சேலையோடு, போவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். நீட்டியதை உடனே வாங்கவில்லை.

"ஒங்களுக்கு, மயினி?"

"எனக்கு வேன் நிக்காது ஆத்தா. கட்டு."

கட்டினாள். இடுப்புக்கிட்டே நைந்திருந்த இடம் உள்ளே போகும்படி வேலுத்தாய் குத்தவைத்துக் கொசுவத்தைச் சரி செய்துவிட்டாள். உள்ளேயிருந்து பஞ்சம்மாளின் மகள் வயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் வந்தது, போயிற்று. ஜன்னலோரம் வேலுத்தாய் உட்காருகிற இடத்தில் யாரும் உட்காரவில்லை. அன்றைக்கு மட்டும்.

வீட்டுக்குத் திரும்பினாள். சின்னச்சாமி நேரத்தோடே லோடுக்குப் போயிருந்தார். அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது. மசாலாத் தட்டில் விரித்திருந்த தாளை உருவி, படம் அடியில் போகும்படி திருப்பி விரித்து, டப்பாக்களை மறுபடி அடுக்கினாள். பிறகு தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசி அடுப்பைப் பற்றவைத்தாள். கை பின்வாங்கவில்லை. இனி அது மருந்துக் கை இல்லையே.

உலை வைத்துவிட்டு, நகக்கண்ணில் மிச்சமிருந்த வெள்ளிப் பொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கட்டும். உங்கள் வீட்டில் வாங்குகிற கைக்கு மேல் வரிசையும் எட்டட்டும். வேலைக்குப் போனவர்கள் போனபடியே வந்து சேரட்டும். உங்கள் வீட்டுக் கொடியில் தொங்குகிற துணி, எந்தக் காற்று அடித்தாலும், மெதுவாகவே காயட்டும்.